காரின் பேட்டரி மெயின் வயருக்குச் சரியான ஃபியூஸைத் தேர்ந்தெடுக்கும் முறை

காரில் புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபையரையோ இன்வெர்ட்டரையோ இரண்டாவது பேட்டரியையோ பொருத்த முனைபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “இந்தக் கருவிக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும்?” என்பதுதான். கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் தடித்த வயரில் நாம் போடும் ஃபியூஸ், மறுமுனையில் இருக்கும் கருவியைக் காப்பதற்காக அன்று, அந்த வயரைக் காப்பதற்காகவே இருக்கிறது. கருவிக்குள் ஏதேனும் பழுதானால் அதைக் கவனித்துக்கொள்ளப் பெரும்பாலும் அதனுள்ளேயே தனி ஃபியூஸ் இருக்கும். வயர் எங்காவது உரசி, மேலுறை கிழிந்து, பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த காரின் பாடியைத் தொட்டுவிட்டால், அது பழுக்கக் காய்ந்து தீப்பிடிப்பதற்கு முன்பே மின்னோட்டத்தைத் துண்டித்துவிடுவதுதான் மெயின் ஃபியூஸின் வேலை. ஆகவே வயரின் தடிமன் தெரியாமல் ஃபியூஸின் ஆம்பியரை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

12 வோல்ட்தானே என்ற அலட்சியம் இங்கே பொருந்தாது. அந்த வோல்டேஜ் கையில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான்; ஆனால் வயரைச் சூடாக்குவது அதில் பாயும் ஆம்பியர். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு லெட் ஆசிட் கார் பேட்டரியின் உள்மின்தடையைச் சுமார் 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், அதன் இரு முனைகளும் நேரடியாக இணையும்போது, 12.6 வோல்ட்டை 0.005 ஓமால் வகுக்க, 2,500 ஆம்பியருக்கு மேல் பாயும். அவ்வளவு வேண்டாம், 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 1,000 ஆம்பியர் பாய்ந்தாலே செம்பின் வெப்பநிலை வினாடிக்கு ஏறத்தாழ 20 டிகிரி வீதம் ஏறத் தொடங்கும். பத்து வினாடிக்குள் பிவிசி உறை இளகிவிடும். அதற்குப் பிறகு எரியப்போவது அந்த வயர் மட்டுமல்ல, அதனுடன் சேர்த்துக் கட்டப்பட்ட மற்ற வயர்களும், மேலே விரித்திருக்கும் கார்ப்பெட்டும்தான்.

இப்படி முழு வேகத்தில் பாயும் ஷார்ட்டைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அரைகுறை ஷார்ட். உரசிய வயரின் இரண்டு மூன்று இழைகள் மட்டும் தகட்டின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு விலகும்போது, பாய்வது 2,500 ஆம்பியராக இருக்காது. 150 அல்லது 200 ஆம்பியராக இருக்கலாம். “எதற்கும் இருக்கட்டும்” என்று அந்த வயருக்கு 300 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தால், அந்த ஃபியூஸைப் பொறுத்தவரை இது சாதாரணச் சுமை. அது உருகாது, வயர்தான் உருகும். ஃபியூஸைப் பெரிதாகப் போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்றே என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த இடத்தில் இரண்டும் மிக நெருங்கி வந்துவிடுகின்றன.

வயர் விதிக்கும் உச்சவரம்பு

ஃபியூஸின் ஆம்பியர், வயர் தொடர்ந்து தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் மேலுறை கொண்ட, பல இழைகளால் ஆன செம்பு வயர், 30 டிகிரி சூழலில் தனியாக ஓடும்போது தாங்கக்கூடியவையாகக் கொள்ளப்படும் வழிகாட்டு எண்கள் இவை: 6 சதுர மில்லிமீட்டருக்கு 45 ஆம்பியர், 10-க்கு 65, 16-க்கு 90, 25-க்கு 120, 35-க்கு 160, 50-க்கு 210, 70-க்கு 265. மேலுறை 105 டிகிரி தாங்குவதாக இருந்தால் அதே செம்பு இன்னும் அதிகம் சுமக்கும்: 16-க்கு 130, 25-க்கு 170, 35-க்கு 210, 50-க்கு 270 ஆம்பியர். வயர் தயாரித்தவர் தனியாக ஓர் அட்டவணை கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான மெயின் வயர்கள் தொடங்குவதும் அங்கேதான். பானட்டுக்கு அடியில் வெப்பநிலை எளிதில் 60 டிகிரியை எட்டும். 70 டிகிரி மேலுறைக்கு 30 டிகிரி சூழலில் 40 டிகிரி சூடேற இடமிருந்தது. 60 டிகிரியில் மிஞ்சுவது 10 டிகிரிதான். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், அந்த இடம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும்போது வயர் தாங்கும் ஆம்பியர் பாதியாகிறது. 105 டிகிரி மேலுறைக்கு அதே கணக்கைப் போட்டால், 75 டிகிரி இடைவெளி 45 ஆகச் சுருங்குகிறது. ஆம்பியர் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைகிறது. பானட்டுக்கு அடியில் ஓடும் எந்த வயருக்கும் 105 டிகிரி மேலுறையே வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். விலை வேறுபாடு சிறிது, பலன் பெரிது.

வயரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை நம்பிவிடாமல் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. முனையைச் சீவி, ஓர் இழையின் விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, இழைகளை எண்ணிப் பார்க்கலாம். இழையின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 0.07 சதுர மில்லிமீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் வயரில் அத்தகைய இழைகள் ஏறக்குறைய 226 இருக்க வேண்டும். மொத்தமாகத் தெரியும் வயரில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்காகவே இருப்பது ஆடியோ கிட்களில் அரிதல்ல. அடுத்து, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால், அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியமாக இருக்கலாம். வெள்ளீயம் பூசிய செம்பும் வெளிப்பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். செம்புப் பூச்சு அலுமினியத்தின் மின்கடத்துத்திறன் செம்பினுடையதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே என்பதால், அத்தகைய 35 சதுர மில்லிமீட்டர் வயரை 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராகக் கருதியே ஃபியூஸ் போட வேண்டும். முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுவதே மேல், ஏனெனில் வயர் முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கை அழுத்திப் பிடிக்கும் இடத்தில் அலுமினியம் நாளடைவில் தளர்ந்துவிடும்.

வழியில் வயர் மெலிந்தால், மெலியும் இடத்திலேயே அந்த மெல்லிய வயருக்கேற்ற இன்னொரு ஃபியூஸ் வேண்டும். 50 சதுர மில்லிமீட்டரில் வந்து, இரண்டாகப் பிரிந்து, 16-லும் 10-லும் போகிறதென்றால், முன்னால் இருக்கும் 200 ஆம்பியர் ஃபியூஸ் அந்த இரு கிளைகளுக்கும் எந்தப் பாதுகாப்பும் தராது.

சுமை விதிக்கும் கீழ்வரம்பு

கருவி தொடர்ந்து இழுக்கும் மின்னோட்டம், ஃபியூஸின் ஆம்பியரில் 75 முதல் 80 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஃபியூஸ் என்பது அடிப்படையில் தன் சூட்டில் தானே உருகும் ஓர் உலோகத் துண்டு. எந்நேரமும் அதை எல்லையில் நிறுத்தி வைத்தால், சூடாகி ஆறி, மீண்டும் சூடாகி, களைத்து, ஒருநாள் காரணமே இல்லாமல் அறுந்துபோகும். சூழல் சூடாக இருந்தால் இது இன்னும் முன்னதாக நடக்கும். எனவே தொடர்சுமையை 1.25 ஆல் பெருக்கி வரும் எண்ணே கீழ்வரம்பு.

1,000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் செயல்திறன் 85 விழுக்காடு என்றால், 1,000 வாட் வெளியே தர அது பேட்டரியிலிருந்து இழுப்பது சுமார் 1,176 வாட். இங்கே பலர் 12 ஆல் வகுத்துவிடுகிறார்கள். சுமையின்போது வோல்டேஜ் இறங்கும் என்பதால் 11 ஆல் வகுப்பதே சரி. கிடைப்பது 107 ஆம்பியர். 1.25 ஆல் பெருக்க 134. அதற்கு மேலே கிடைக்கும் அளவு 150 ஆம்பியர் ஃபியூஸ். இனி வயரைப் பார்ப்போம். 70 டிகிரி மேலுறை கொண்ட 35 சதுர மில்லிமீட்டர் வயர் 30 டிகிரியில் 160 ஆம்பியர் தாங்குவதால் போதும் போலத் தோன்றும். ஆனால் பானட்டுக்கு அடியில் அது 80 ஆகிவிடும். 105 டிகிரி மேலுறை கொண்ட அதே 35 சதுர மில்லிமீட்டர் வயரோ 210-இல் முக்கால் பங்கிற்குச் சற்று மேலாக, ஏறத்தாழ 160 ஆம்பியரை அந்தச் சூட்டிலும் தாங்கும். 134-க்கும் 160-க்கும் நடுவே 150 அமர்ந்துகொள்கிறது. இந்த வயருக்கு இதுவே சரியான ஃபியூஸ்.

வோல்டேஜ் இறக்கத்தையும் அதே கையோடு கணக்கிட்டுவிடலாம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர், திரும்பிவர 5 மீட்டர் என்று 10 மீட்டர் வயர் ஓடினால், 35 சதுர மில்லிமீட்டரில் அதன் மின்தடை 5 மில்லி ஓம். 107 ஆம்பியரில் இறங்குவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். ஏற்கலாம். வயர் நீளமாகும்போது பெரும்பாலும் வோல்டேஜ் இறக்கமே வயரின் தடிமனை முடிவு செய்யும். அப்படித் தடிமன் கூடினால் ஃபியூஸையும் கூட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 50 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 150 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது தவறே அல்ல.

கணக்கில் கீழ்வரம்பு உச்சவரம்பைத் தாண்டிவிட்டால், அதாவது சுமைக்கு 150 வேண்டும், வயரோ 120-தான் தாங்கும் என்றால், மாற்ற வேண்டியது வயரை. இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வயருக்கும் இதே விதிதான், ஒரு சிறு எச்சரிக்கையோடு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவிலுள்ள ஃபியூஸ் உருகினால், பாய்ந்துகொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அது ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் பதம் பார்க்கும். அதனால் அங்கே ஃபியூஸை ஒட்ட ஒட்டப் போடாமல், 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 150-க்குக் குறையாத ஃபியூஸும் அதைத் தாங்கும் வயரும் வைப்பது பொருத்தம். ஆல்டர்னேட்டரைப் பெரியதாக மாற்றுபவர்கள் பழைய வயரையும் ஃபியூஸையும் அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எத்தனை நேரத்தில் உருகும்

100 ஆம்பியர் ஃபியூஸ் 101 ஆம்பியரில் உருகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. கார்களில் எங்கும் காணப்படும் சாதாரண பிளேடு ஃபியூஸ், தன் அளவில் 110 விழுக்காட்டை 100 மணி நேரம் வரை தாங்க வேண்டும். 135 விழுக்காட்டில் 0.75 வினாடியிலிருந்து 10 நிமிடத்துக்குள்ளும், 200 விழுக்காட்டில் 0.15 வினாடியிலிருந்து 5 வினாடிக்குள்ளும் உருக வேண்டும். போல்ட் போட்டு இறுக்கும் மெகா வகை இன்னும் நிதானமானது: 135 விழுக்காட்டில் 2 நிமிடத்திலிருந்து 30 நிமிடம், 200 விழுக்காட்டில் 1 முதல் 15 வினாடி, 350 விழுக்காட்டில் 0.3 முதல் 5 வினாடி.

இந்த நிதானம் குறையல்ல. மெயின் வயருக்கு அதுதான் தேவை. இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஒரு மோட்டார் கிளம்பும்போது ஒரு வினாடிக்கு இரு மடங்கு இழுத்தாலும் ஃபியூஸ் அசையாது. ஆனால் அதே நிதானத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: 150 ஆம்பியர் மெகா ஃபியூஸ் 200 ஆம்பியரை அரை மணி நேரம் வரை சுமந்துகொண்டிருக்கலாம். வயரின் தாங்குதிறனைச் சற்றுத் தாராளமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

எந்த வகை

ஃபியூஸின் மேல் ஆம்பியரோடு வோல்ட்டும் எழுதியிருக்கும். 32 வோல்ட் என்று எழுதியது 12 வோல்ட் கார்களுக்கும் 24 வோல்ட் லாரிகளுக்கும் போதும். 48 வோல்ட் அமைப்புக்குப் போதாது, அங்கே 58 வோல்ட்டோ அதற்கு மேலோ குறித்த வகை வேண்டும். வீட்டு ஏசி மின்சாரத்துக்கான ஃபியூஸையோ எம்சிபியையோ காரில் பயன்படுத்தவே கூடாது. ஏசி மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் அங்கே தீப்பொறி தானாகவே அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்த வாய்ப்பு கிடையாது.

மூன்றாவதாக ஓர் எண் உண்டு. அதைத் தரவுத்தாளில்தான் தேட வேண்டியிருக்கும், கடையில் யாரும் சொல்வதில்லை. அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டத்தை இந்த ஃபியூஸ் வெடிக்காமல், தீப்பொறி நீடிக்காமல் அறுக்க முடியும் என்பதே அது. சாதாரண பிளேடு ஃபியூஸுக்கு இது 32 வோல்ட்டில் 1,000 ஆம்பியர், மெகாவுக்கு 2,000 ஆம்பியர். வோல்டேஜ் குறையும்போது அறுப்பது எளிதாகும். பேட்டரி முனையிலேயே பொருத்தும் எம்ஆர்பிஎஃப் வகை, 58 வோல்ட்டில் 2,000 ஆம்பியரையும், 32 வோல்ட்டில் 5,000 ஆம்பியரையும், 14 வோல்ட்டில் 10,000 ஆம்பியரையும் அறுப்பதாகக் குறிக்கப்படுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒற்றை லெட் ஆசிட் பேட்டரி உள்ள 12 வோல்ட் காருக்கு மெகாவும் அதன் தம்பியான மிடியும் நடைமுறையில் நன்கு பொருந்துகின்றன. இரண்டாவது பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாக இருந்தால் கதை வேறு: அதன் உள்மின்தடை மிகக் குறைவு, ஷார்ட்டானால் பல ஆயிரம் ஆம்பியர் கொட்டும். அங்கே 20,000 ஆம்பியர் வரை அறுக்கும் கிளாஸ் டி (Class T) ஃபியூஸையோ, எம்ஆர்பிஎஃப் ஃபியூஸையோ போடுவதே முறை.

அளவை வைத்துப் பார்த்தால், 60 ஆம்பியர் வரை பெரிய அளவு பிளேடு வகையான மேக்ஸியும், 30 முதல் 200 வரை மிடியும், 100 முதல் 500 வரை மெகாவும் பயன்படும். ஆடியோ கிட்களில் வரும் ஏஎன்எல் வகையிலும் நல்லவை உண்டு, ஆனால் போலிகள் அந்த வடிவத்தில்தான் அதிகம். ஆம்பியர் மட்டும் எழுதி, வோல்ட்டோ தயாரிப்பாளரின் பெயரோ இல்லாமல் தங்கமுலாம் பளபளக்கும் ஃபியூஸை நான் வாங்க மாட்டேன். கண்ணாடிக் குழாய் ஃபியூஸும் வேண்டாம். அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளிப் தளர்ந்து, ஃபியூஸ் அப்படியே இருக்க ஹோல்டர் கருகிப்போவதைக் காணலாம். விலை மலிவான, பட்டனை அழுத்தி மீட்டமைக்கும் பிரேக்கர்களும் பானட்டுக்கு அடியில் சூடேறி, தேவையில்லாத நேரத்தில் விழுபவையே.

பிளேடு ஃபியூஸின் நிறத்தை நம்பி எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண பிளேடில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15 ஆம்பியர். மேக்ஸியில் சிவப்பு 50, நீலம் 60. நிறத்துக்குப் பதில் மேலே பொறித்த எண்ணைப் படியுங்கள்.

பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரத்தில்

ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்கு எந்தக் காவலும் இல்லை என்பதால், அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 45 சென்டிமீட்டருக்குள் என்பது கார் ஆடியோ வட்டத்தில் வழங்கும் அளவு; பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு கைப்பிடி தூரத்தில் வைக்க இடமிருந்தால் அங்கேயே வையுங்கள். அந்தத் துண்டுக்கும் தனியாக ஒரு நெளிகுழாய் உறை போட்டு, கூர்மையான தகட்டிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். எஞ்சின் பகுதியிலிருந்து கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் வயரை விடவே கூடாது.

இரண்டு பேட்டரிகளை இணைக்கும் வயரில் இரு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும். வயர் நடுவில் ஷார்ட்டானால் மின்னோட்டம் இரு பக்கமிருந்தும் பாயும். ஒரு முனையில் உள்ள ஃபியூஸ் உருகினாலும் மறுமுனைப் பேட்டரி ஊட்டிக்கொண்டே இருக்கும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

ஸ்டார்ட்டர் வயர் மட்டும் ஏன் விதிவிலக்கு

பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த வயரில் ஃபியூஸே இருக்காது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில் பல நூறு ஆம்பியர் இழுக்கும்; டீசல் எஞ்சினில் அது இன்னும் கூடுதல். அதைத் தாங்கும் அளவுக்குப் பெரிய ஃபியூஸ், வயரைக் காப்பாற்றும் அளவுக்குச் சிறியதாக இருக்காது. எனவே தயாரிப்பாளர்கள் அந்த வயரைக் குட்டையாக வைத்து, உறைகளால் காத்து, அசையாமல் கட்டிவிடுகிறார்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் சில கார்களில், ஏர்பேக் வெடிக்கும் சைகை வந்ததும் ஒரு சிறு வெடிமருந்துக் குண்டால் ஸ்டார்ட்டர் வயரைப் பாசிட்டிவ் முனையிலேயே துண்டிக்கும் ஏற்பாடு உண்டு. நமக்கு இதில் பொருள் இவ்வளவுதான்: ஸ்டார்ட்டர் வயரில் நாமாக ஃபியூஸ் சேர்க்க வேண்டாம், அதிலிருந்து வேறு எதற்கும் கிளை எடுக்கவும் வேண்டாம்.

இருக்கும் மெயின் ஃபியூஸ் போய்விட்டால்

கம்பெனி பொருத்திய மெயின் ஃபியூஸை மாற்றும்போது கணக்கு எதுவும் தேவையில்லை. பெட்டி மூடியின் உட்புறத்தில் அல்லது கையேட்டில் குறித்த அதே ஆம்பியர், அதே வகை, அதே வோல்ட். ஒரு படி மேலே போடுவதும், தற்காலிகமாக என்று செம்புக் கம்பியைச் சுற்றுவதும் கூடாது. பல ஜப்பானியக் கார்களில் இந்த ஃபியூஸ் பக்கவாட்டில் ஸ்குரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பெட்டியைக் கழற்றி அந்த ஸ்குரூவை எடுக்காமல் குறடால் இழுத்தால் வருவது ஃபியூஸ் அல்ல, பெட்டியின் துண்டுதான்.

மெயின் ஃபியூஸ் சும்மா போவதில்லை. மிகவும் வழக்கமான காரணம், பேட்டரியையோ ஜம்ப் கேபிளையோ முனை மாற்றிக் கொடுத்தது. அப்போது ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நேர்திசையில் திறந்துகொண்டு, பேட்டரியையே ஷார்ட் செய்தது போல் ஆகிவிடுகிறது. ஃபியூஸ் கண நேரத்தில் உருகி மற்றதைக் காப்பாற்றுகிறது, எப்போதும் முழுதாக அல்ல. புதிய ஃபியூஸ் போடுவதற்கு முன், எல்லாக் கதவுகளையும் மூடி, இக்னிஷனை அணைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தின் இரு முனைகளுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பல்பின் வழியே 2 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் தேடும்போது எதுவும் எரியாது. மங்கலாகச் சற்று ஒளிர்ந்து அணைந்தால், கட்டுப்பாட்டுக் கருவிகள் விழித்துத் தூங்கியதாகக் கொள்ளலாம். ஃபியூஸ் போட்டு எஞ்சினைக் கிளப்பிய பிறகும் பேட்டரியின் வோல்டேஜ் 12.5-ஐ விட்டு ஏறவே இல்லையென்றால், டயோடுகள் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபியூஸ் அறுபடாமல் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் உருகியிருந்தால், அது ஆம்பியர் பிரச்சினை அல்ல, தளர்ந்த இணைப்பு. இணைப்பில் வெறும் 1 மில்லி ஓம் கூடுதலாக இருந்தால்கூட 100 ஆம்பியரில் 10 வாட் சூடு அந்தச் சிறு இடத்திலேயே பிறக்கிறது. அங்கே புதிய ஃபியூஸ் மட்டும் போட்டால் மீண்டும் அதேதான் நடக்கும். ஹோல்டரையும் லக்கையும் மாற்ற வேண்டும்.

பொருத்தும்போது

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது ஒன்றும் ஆகாது. நெகட்டிவ் டெர்மினலின் மேல் சிறு மின்னணு சென்சார் இருக்கும் கார்களில், புதிய கருவியின் எர்த்தை நேரே பேட்டரி முனையில் கொடுக்காமல் பாடியில், பெயின்ட்டைச் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் சென்சார் அந்த மின்னோட்டத்தைக் கணக்கில் எடுக்காது.

போல்ட் வகை ஃபியூஸைப் பொருத்தும்போது அடுக்கும் வரிசையில் பலர் தவறுகிறார்கள். முதலில் ஃபியூஸின் தகடு, அதன் மேல் நேரடியாக வயரின் லக், அதற்கு மேல்தான் வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் நட்டும். ஃபியூஸுக்கும் லக்குக்கும் நடுவில் வாஷர் புகுந்தால், மொத்த மின்னோட்டமும் அந்த எஃகு வளையத்தின் வழியே போக நேர்ந்து, அது அடுப்பாகிவிடும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டியதோ, வெறும் ஈயப்பற்று வைத்ததோ போதாது. நட்டை இறுக்க வேண்டிய அளவு ஹோல்டரோடு வரும் தாளில் நியூட்டன் மீட்டரில் இருக்கும். அதைத் தாண்டினால் பிளாஸ்டிக் அடித்தளம் வெடித்து இறுக்கம் போய்விடும்.

எல்லாம் முடிந்த பிறகு, கருவியை முழுச் சுமையில் கால் மணி நேரம் ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஃபியூஸின் இரு போல்ட்டுகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுகள் முதல் நூறுக்குக் கொஞ்சம் மேல் வரை இருப்பது இயல்பு. அடுத்து, ஒவ்வொரு லக்குக்கும் அதன் போல்ட்டுக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகக் காட்டினால் அந்தப் பக்க நட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் இறுக்குங்கள். முதல் சில வாரங்களில் செம்பு சற்று அமுங்கும் என்பதால் நட்டுகளை ஒருமுறை திரும்பச் சோதிக்க வேண்டும். அதே வகையில், அதே ஆம்பியரில் ஒரு மாற்று ஃபியூஸையும் அதற்குப் பொருந்தும் ஸ்பேனரையும் காரிலேயே வைத்து, ஹோல்டரின் மூடியில் ஃபியூஸின் அளவையும் வயரின் தடிமனையும் எழுதி ஒட்டிவிட்டால், பிறகு யார் பானட்டைத் திறந்தாலும் அளவை ஊகிக்க வேண்டியிருக்காது.